ஆங்கிலத்தின் ஐயச் சொற்கள் தமிழில் அளவு மாறாமல் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஆங்கிலம் அறியாத நம் முதியவர்களுடன் பலதுறை மருந்தகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் துணைக்குச் சென்று, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துரைக்கும் தொண்டூழியத்தில் நான் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். நோய்களின் பெயர்களையும் மருந்துகளின் பெயர்களையும் தமிழில் சொல்வதுதான் இந்தப் பணியில் கடினமான பகுதி என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தப் பெயர்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ‘கொலஸ்ட்ரால்’, ‘ஸ்கேன்’, ‘பிரஷர்’ ஆகியவற்றை எண்பது வயதுப் பாட்டியும் தம் வீட்டுச் சொற்களைப் போலவே கையாளுகிறார். தொல்லை தருபவை ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘லைக்லி’, ‘அன்லைக்லி’, ‘பாசிபிள்’ போன்ற, ஆங்கிலத்தில் நாள் முழுவதும் புழங்கும் சிறிய சொற்கள். சொல்லப்படும் செய்தி எவ்வளவு உறுதியானது, எவ்வளவு ஐயத்துக்குரியது என்பதை இவைதான் காட்டுகின்றன. தமிழுக்கு வரும் வழியில் இவை பல சமயங்களில் உதிர்ந்துவிடுகின்றன, அல்லது ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து அமர்ந்துகொள்கிறது. அதனால் நோயாளி எடுக்கும் முடிவே மாறிவிடுகிறது. இச்சொற்களை அவற்றின் அளவோடு தமிழில் சொல்ல வேண்டும் என்பதையும், அதற்கு வேண்டிய வளம் நம் மொழியில் நிறையவே இருக்கிறது என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாக வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை குறித்து ஆலோசனை பெற வந்திருந்த ஒரு மூதாட்டிக்கு நான் துணையாகச் சென்றிருந்தேன். அவருடைய பேரனும் வந்திருந்தார். அறுவைக்குப் பின் கிருமித்தொற்று ஏற்பட ‘ஸ்மால் சான்ஸ்’ இருக்கிறது, அது ‘அன்லைக்லி’, ஆனால் ஏற்பட்டுவிட்டால் மறுபடியும் அறுவை செய்ய ‘மைட் ஹேவ் டு’ என்று மருத்துவர் நிதானமாக விளக்கினார். பேரன் பாட்டியின் பக்கம் திரும்பி, “பாட்டி, கிருமி தொத்திக்குமாம். அப்புறம் திரும்பவும் ஆப்பரேஷன் பண்ணணுமாம்” என்றார். மூதாட்டி கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, “அப்ப எதுக்குப்பா இந்தப் பாடு? நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்” என்றார். “ஷீ டஸ்ன்ட் வான்ட்” என்று பேரன் தெரிவிக்க, மருத்துவரும் அதைக் கணினியில் பதியத் தொடங்கினார். அப்போது நான் அனுமதி கேட்டுக்கொண்டு, ‘ஸ்மால்’ என்றால் நூறு பேரில் எத்தனை பேர் என்று மருத்துவரிடம் வினவினேன். ஒருவர் அல்லது இருவர் என்றார். “அம்மா, நூறு பேருக்கு இந்த ஆப்பரேஷன் செஞ்சா ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோதான் கிருமி தொத்துது, மத்தவங்களுக்குத் தொத்துறதில்ல” என்று நான் சொன்னதும், “அப்படிச் சொல்லும்மா. எல்லாருக்கும் வரும்னுல்ல நெனச்சேன். சரி, மகன்கிட்டக் கேட்டுச் சொல்றேன்” என்றார் அவர்.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டியின் மருத்துவச் சந்திப்புக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த பிள்ளை அவர். மருத்துவர் சொன்னவற்றில் கிருமித்தொற்று, மறு அறுவை என்ற இரண்டு செய்திகளையும் தவறாமல் பாட்டியிடம் சேர்த்தார். சேராமல் போனவை ‘ஸ்மால்’, ‘அன்லைக்லி’, ‘மைட்’ என்ற மூன்று சொற்கள்தாம். அவருடைய தமிழில் ‘ஆம்’ என்ற ஈறு இருந்தது உண்மை. ‘தொத்திக்குமாம்’, ‘பண்ணணுமாம்’ என்றார். ஆனால் அந்த ஈறு, இதைச் சொன்னவர் வேறொருவர் என்பதைக் காட்டுமே தவிர, அவர் எவ்வளவு உறுதியோடு சொன்னார் என்பதைக் காட்டாது. அதிலும், சொன்னவர் மருத்துவர் என்னும்போது, ‘வருமாம்’ என்பது முதியவரின் காதில் ‘வரும்’ என்பதைவிடக் கூடுதல் உறுதியோடு விழுகிறது. படித்த டாக்டரே சொல்லிவிட்டாரே என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இச்சொற்களின் அளவில் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவின் சிஐஏ உளவு அமைப்பில் மதிப்பீட்டுக் குழுவுக்குத் தலைமை வகித்த ஷெர்மன் கென்ட், 1964இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். 1951இல் யூகோஸ்லாவியா தாக்கப்படக்கூடுமா என்பது பற்றி அவருடைய குழு ஓர் அறிக்கை தயாரித்தது. தாக்குதலை ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ என்று கருத வேண்டும் என்பது அதன் முடிவு. அறிக்கையைப் படித்த ஓர் அதிகாரி, இதற்கு என்ன அளவு என்று கேட்டபோது, 100க்கு 65 என்று தாம் எண்ணியதைக் கென்ட் கூறினார். கேட்டவர் திடுக்கிட்டார், அவரும் அவருடைய சகாக்களும் அதை மிகக் குறைந்த அளவாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். பிறகு கென்ட் தம் குழுவினரையே தனித்தனியாக விசாரித்தார். அந்த வாசகத்தை ஒன்றாக ஏற்றுக்கொண்டவர்களில் ஒருவர் 100க்கு 80 என்றார், மற்றொருவர் 20 என்றார். அதே ஆங்கிலச் சொற்களை எழுதியவர்களுக்கிடையிலேயே இவ்வளவு இடைவெளி இருக்குமானால், அவசரத்தில் தமிழாக்கிச் சொல்லும் ஒரு பேரனுக்கும் அதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய பாட்டிக்கும் இடையே எவ்வளவு இருக்கும்!

இந்தச் சிக்கலுக்கு மருந்துத் துறை கண்ட வழி, சொல்லுக்கு எண்ணை நிர்ணயிப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறைப்படி மருந்துத் தகவல் தாள்களில் ‘வெரி காமன்’ என்றால் 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வரும் பக்கவிளைவு. ‘காமன்’ என்றால் 100 பேரில் ஒருவர் முதல் 10 பேரில் ஒருவர் வரை. ‘அன்காமன்’ என்றால் 1,000 பேரில் ஒருவர் முதல் 100 பேரில் ஒருவர் வரை. ‘ரேர்’ என்றால் 10,000 பேரில் ஒருவர் முதல் 1,000 பேரில் ஒருவர் வரை. ‘காமன்’ என்பதைத் தமிழில் ‘பொதுவாக வரும்’ என்று சொல்லிவிட்டால், மாத்திரை போட்டுக்கொள்ளும் பெரும்பாலோருக்கு வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இதில் தமிழுக்கு மட்டும் தனிக்குறை ஏதுமில்லை. பிரிட்டனில் நடத்தப்பட்ட ஆய்வுகளில், ஆங்கிலம் பேசும் பொதுமக்களும் ‘காமன்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, விதிமுறை குறிப்பதைவிடப் பல மடங்கு அதிகமான ஆபத்தை மனத்தில் வைத்துக்கொண்டது தெரியவந்தது. பருவநிலை மாற்றம் குறித்த ஐக்கிய நாட்டு அறிவியல் குழுவும் இப்படியே ‘லைக்லி’ என்றால் 66 விழுக்காட்டுக்கு மேல், ‘வெரி லைக்லி’ என்றால் 90 விழுக்காட்டுக்கு மேல் என்று வரையறுத்திருக்கிறது. அந்த வாக்கியங்களைப் பல நாடுகளில், பல மொழிகளில் மக்களிடம் கொடுத்துச் சோதித்து 2014இல் வெளியான ஆய்வின்படி, சொல்லை மட்டும் படித்தவர்கள் அதன் அளவை 50 விழுக்காட்டை நோக்கி இழுத்துக்கொண்டார்கள். சொல்லோடு எண்ணும் சேர்த்துத் தரப்பட்டவர்களின் புரிதல் வரையறைக்கு நெருங்கி வந்தது.

எண் கிடைக்காத இடங்களில் சொல்தான் துணை. அந்த இடத்தில் தமிழிடம் சரக்கு இல்லை என்று சொல்பவர்களை நான் ஏற்க மாட்டேன். ‘கொல்லே ஐயம்’ என்று இரண்டே சொற்களில் ஐயத்துக்கென ஓர் இடைச்சொல்லைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என்று புலப்படாதபோது ‘குற்றி கொல்லோ மகன் கொல்லோ’ என்று கேட்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்ற குறளைப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இந்தக் ‘கொல்’ பழக்கமானதே. இது இன்று பேச்சில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்குச் சொல்லப்பட்ட எட்டுப் பொருள்களில் ஐயமும் ஒன்று; அது இன்றும் நம் வாயில் இருக்கிறது. வானம் லேசாக இருட்டும்போது, “மழை வந்தாலும் வரும், குடையை எடுத்துக்கோ” என்கிறோமே, அதில் உள்ள உம்மை அதுதான். ஆங்கிலத்தின் ‘மைட்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழை நான் இதுவரை கேட்டதில்லை.

அங்கிருந்து படிப்படியாக மேலே போகலாம். ‘வரக்கூடும்’ என்பது ஒரு படி. ‘வரும் போலிருக்கிறது’ என்பது, கண்ணில் பட்ட அடையாளங்களைக் கொண்டு சொல்வது. ‘அநேகமாக வரும்’, ‘பெரும்பாலும் வரும்’ ஆகியவை ‘லைக்லி’, ‘பிராபப்லி’ இரண்டுக்கும் ஈடு கொடுக்கும். ‘வராமல் இருக்காது’ என்றால் ஏறக்குறைய உறுதி. கீழே இறங்கினால் ‘வருவது அரிது’, ‘வராது என்றே நினைக்கிறேன்’, ‘வந்தால்தான் அதிசயம்’ என்று வரிசை நீள்கிறது. இத்தனையும் சமையலறையிலும் பேருந்து நிறுத்தத்திலும் நாம் பேசும் தமிழ். மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் ‘வரும்’, ‘வராது’, ‘வரலாம்’ என்ற மூன்றோடு நின்றுவிடுகிறோம்.

அந்த மூன்றில் ‘லாம்’ ஈறு மிகுந்த குழப்பத்தைத் தருகிறது. ‘சாப்பிடலாம்’ என்றால் அனுமதி. ‘வாங்க, சாப்பிடலாம்’ என்றால் அழைப்பு. ‘அவர் இந்நேரம் சாப்பிட்டிருக்கலாம்’ என்றால் ஊகம். ‘நீங்கள் மறுநாளே நடக்கலாம்’ என்று ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னால், நடக்க அனுமதி உண்டு என்பது பொருளா, நடக்கும் அளவுக்குத் தெம்பு வரக்கூடும் என்பது பொருளா என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? அனுமதியை மட்டும் ‘லாம்’ என்றும், நிகழக்கூடியதை எப்போதும் ‘கூடும்’ என்றும் சொல்வதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். ‘மறுநாளே நடக்க முடியக்கூடும், டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகு நடக்கலாம்’ என்று பிரித்துச் சொன்னால் முதியவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இதைவிட ஆபத்தான இரண்டைக் குறிப்பிட வேண்டும். முதலாவது ‘ஷுட்’. ‘யூ ஷுட் பி ஏபிள் டு வாக்’ என்று மருத்துவர் சொல்லும்போது அவர் நம்பிக்கை தெரிவிக்கிறார். நடந்துவிடுவீர்கள் என்றே எதிர்பார்ப்பதாகச் சொல்கிறார். அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘நடக்க வேண்டும்’ என்று கூறினால் அது கட்டளையாகிவிடுகிறது. சொன்ன நாளுக்குள் நடக்க முடியாத முதியவர், தாம் ஏதோ செய்யத் தவறிவிட்டதாக எண்ணிக் குமைகிறார். அடுத்த சந்திப்பில் வலியைச் சொல்லவே கூசுகிறார். இரண்டாவது ‘கேனாட் ரூல் அவுட்’. ஸ்கேன் முடிவைப் பார்த்துவிட்டு, புற்றுநோயை இப்போதைக்கு ‘ரூல் அவுட்’ செய்ய முடியாது என்று மருத்துவர் சொன்னால், அது புற்றுநோய் இல்லை என்று இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது, இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதாகும். இதையே ‘புற்றுநோயைத் தவிர்க்க முடியாது’ என்று தமிழில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லாத ஒரு தீர்ப்பை அந்த வாக்கியம் கேட்பவரின் தலையில் இறக்கிவிடுகிறது. அன்றிரவு அந்தக் குடும்பத்தில் யாருக்குத் தூக்கம் வரும்?

நம் ஊரின் அன்றாட ஆங்கிலம் இன்னொரு தளம். ‘கேன்’ என்ற ஒரே சொல், அதன் பின்னால் வரும் அசையைப் பொறுத்து எத்தனை விதமாக மாறுகிறது என்பதைச் சிங்கப்பூரில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். ‘கேன் லா’ என்றால் தாராளமாக முடியும். ‘கேன் லோர்’ என்றால் அரைமனத்தோடு ஒப்புக்கொள்வது. கான்டனீஸ் மொழியிலிருந்து வந்த ‘மே’ என்ற அசையைச் சேர்த்துக் ‘கேன் மே?’ என்றால், முடியுமா என்ற ஐயம். ‘ஷுட் பி கேன்’ என்றால், முடியும் என்றே தோன்றுகிறது, ஆனால் என்னைப் பிடித்துக்கொள்ளாதே என்ற எச்சரிக்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. பழைய தலைமுறைத் தமிழர்களோ சந்தை மலாயில் ‘தெங்கோ டூலு’ என்பார்கள். முதலில் பார்ப்போம் என்று பொருள். இவற்றுக்குப் பழகிய நம் முதியவர்கள், அளவுகளைக் காதால் எடைபோடத் தெரியாதவர்கள் அல்லர். சரியான சொல் சென்று சேர்ந்தால் சரியாகவே நிறுத்துப் பார்க்கிறார்கள். ஆகவே, ‘வயசானவங்களுக்கு விவரமா சொன்னா குழம்பிடுவாங்க, ஆமா இல்லைன்னு சொல்லிடுங்க’ என்று சில குடும்பத்தினர் என்னிடம் கேட்டுக்கொள்ளும்போது நான் இணங்குவதில்லை.

எதிர்த்திசையிலும் இதே இழப்பு நேர்கிறது. மேலே சொன்ன மூதாட்டியின் ‘மகன்கிட்டக் கேட்டுச் சொல்றேன்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. முடிவைத் தள்ளிவைத்து, குடும்பத்தோடு கலந்து பேச அவகாசம் கேட்பது மட்டுமே உள்ளது. இதை ‘ஓகே’ என்று மொழிபெயர்த்தால் அறுவைக்குத் தேதி கொடுத்துவிடுவார்கள். ‘நோ’ என்று மொழிபெயர்த்தால் கோப்பை மூடிவிடுவார்கள். தமிழில் தயக்கத்துக்குத்தான் எத்தனை நிறங்கள்! மதில்மேல் பூனை எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது. இருதலைக் கொள்ளி எறும்புக்கு இரு பக்கமும் துன்பம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பவர் இரண்டிலும் ஊன்றாமல் நிற்கிறார். முதலாமவருக்கு இன்னும் தகவல் வேண்டும். இரண்டாமவருக்கு ஆறுதலும், வேறு வழி உண்டா என்ற விளக்கமும் வேண்டும். மூன்றாமவரிடம் காலக்கெடுவைச் சொல்ல வேண்டும். ‘பேஷன்ட் அன்டிசைடட்’ என்ற குறிப்பு இந்த மூவரையும் ஒருவராக்கிவிடுகிறது. ‘பார்க்கலாம்’ என்ற சொல்லும் அப்படித்தான். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னால் அது பெரும்பாலும் மறுப்பு, தலையை ஆட்டிக்கொண்டு சொன்னால் பாதிச் சம்மதம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் உலகச் சுகாதாரத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாகத் தடுப்பூசித் தயக்கத்தையும் பட்டியலிட்டது. தயக்கம் வேறு, எதிர்ப்பு வேறு என்பதை அடுத்த இரண்டு ஆண்டுகளில் நாம் இங்கேயே கண்டோம். கொவிட்-19 தடுப்பூசி பற்றி ‘பார்க்கலாம்’ என்று இழுத்த முதியவர்களில் பலர், தம் இதய நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் அது ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் போட்டுக்கொண்டார்கள் என்பதை நான் நேரில் அறிவேன். அவர்களை எதிர்ப்பாளர்கள் என்று ஒதுக்கியிருந்தால் அந்தக் கேள்வி வெளியே வந்திருக்காது.

கேள்வி என்றதும் ‘டவுட்’ என்ற சொல்லையும் கூறத்தான் வேண்டும். தமிழில் ‘எனக்கு ஒரு சந்தேகம்’ என்று சொல்லிக்கொண்டு கேள்வி கேட்பது பணிவான பழக்கம். ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது நல்ல மாணவருக்கு அடையாளம். தமிழகத்திலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெற்றோர் பலர், ‘டாக்டர், ஐ ஹேவ் எ டவுட்’ என்றுதான் தொடங்குவார்கள். இந்த ஊர்க் காதில் அது ‘நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்பதைப் போல ஒலிக்கிறது. கேட்கும் மருத்துவரின் முகம் மாறுவதைக் கண்டு, கேட்டவர் கேள்வியையே விழுங்கிவிடுகிறார். சந்தேகம் கேட்பது வேறு, சந்தேகப்படுவது வேறு என்று தமிழ் இரண்டையும் வினையால் பிரித்து வைத்திருக்கிறது. உடன் செல்லும் பிள்ளைகள் ‘ஷீ ஹேஸ் எ க்வெஸ்சன்’ என்று மாற்றிச் சொன்னாலே போதும்.

தீயது நடக்கக்கூடும் என்று வாயால் சொல்வதே அதை வரவழைத்துவிடும் என்ற அச்சமும் நம் குடும்பங்களில் உண்டு. இறுதிக்காலப் பராமரிப்பு பற்றி முன்கூட்டியே பேசிவைக்கும் திட்டமிடலின்போது, ‘நினைவு இழந்துவிட்டால்’, ‘மூச்சுக் குழாய் பொருத்த நேர்ந்தால்’ என்று ஒவ்வொரு கேள்வியும் ‘ஆல்’ விகுதியோடுதான் வரும். “நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு?” என்று மகள் தடுத்துவிடுவார். அப்படிப்பட்ட நேரங்களில் ‘அப்படி எதுவும் ஆகாமலே போகக்கூடும், ஆனால் ஆகிவிட்டால் உங்கள் விருப்பம் என்ன என்று கேட்கிறார்கள்’ என்று எதிர்மறையை முதலில் வைத்துச் சொன்னால் பெரும்பாலான பெரியவர்கள் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறார்கள். பல சமயங்களில், பிள்ளைகள் பயப்படும் அளவுக்குப் பெற்றோர் பயப்படுவதில்லை.

இதெல்லாம் வெறும் மொழி நயம் சார்ந்த விவகாரம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மருத்துவ ஆலோசனை குறித்துச் சிங்கப்பூரின் சிவில் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2022 ஜூலை முதல் நடப்பில் உள்ள பிரிவு, நோயாளி விவரம் அறிந்து முடிவெடுக்க நியாயமாகத் தேவைப்படும் தகவலை அவருக்குத் தருவதை முக்கியமாகக் கருதுகிறது. ஆங்கிலத்தில் தரப்பட்ட தகவல் தமிழில் அளவு மாறிச் சேர்ந்தால், மருத்துவர் தம் கடமையைச் செய்திருப்பார், நோயாளிக்கோ தகவல் கிடைத்திருக்காது. ஒப்புதல் படிவத்தில் அவர் இடும் கையெழுத்து எதற்கான ஒப்புதல்?

ஆகவே சில வேண்டுகோள்கள். பெற்றோருடனும் தாத்தா பாட்டியுடனும் மருத்துவரிடம் செல்லும் இளையர்கள், ‘ஹவ் மெனி இன் எ ஹண்ட்ரட்?’ என்ற ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும். மருத்துவர்கள் அதை ஒருபோதும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்பது என் அனுபவம். மருத்துவமனைகள் தமிழில் வெளியிடும் தகவல் தாள்களில் ‘பொதுவானது’, ‘அரிதானது’ ஆகிய சொற்களின் பக்கத்திலேயே எண்ணையும் அச்சிட வேண்டும்; ‘10 விழுக்காடு’ என்பதைவிட ‘10 பேரில் ஒருவர்’ என்பது முதியவர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது. தாதிமை பயிலும் தமிழ் மாணவர்களுக்கும், என்னைப் போன்ற தொண்டூழியர்களுக்கும், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவின் நிகழ்ச்சிகளில் ஒன்றாக இதற்கென ஒரு பயிலரங்கு நடத்தினால் பெரும் உதவியாக இருக்கும். கலைச்சொல் பட்டியல் தயாரிக்கும் குழுக்கள், பெயர்ச்சொற்களுக்குக் காட்டும் அக்கறையை இந்த ஐயச் சொற்களுக்கும் காட்ட வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘கனமழைக்கு வாய்ப்பு’ என்று எழுதுவதில் குறையில்லை. ஆனால் ‘பக்கவாதம் வர வாய்ப்பு’, ‘உயிரிழக்க வாய்ப்பு’ என்று தமிழ் ஊடகங்களில் அடிக்கடி பார்க்கிறேன். வாய்ப்பு என்பது வரவேற்கத்தக்க ஒன்றையே குறித்துப் பழகிய சொல். வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு என்கிறோம். நோய்க்கும் இறப்புக்கும் ‘அபாயம்’ அல்லது ‘வரக்கூடும்’ என்று எழுதினால் பொருளும் தெளிவாகும், படிப்பவரின் மனமும் புண்படாது. அதேபோல, காப்பிக்கும் இதய நலத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஓர் ஆய்வு சொன்னால், செய்திக்குள் அந்தக் ‘கூடும்’ இருக்கிறது, தலைப்பிலோ இடமில்லாமல் ‘காப்பி இதயத்தைக் காக்கும்’ என்று ஆகிவிடுகிறது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தும் முதியவர்களை நான் சந்திக்கிறேன். வேறெந்தச் சொல்லைக் குறைத்தாலும் அந்த ஒரு சொல்லைத் தலைப்பிலிருந்து எடுக்காமல் இருக்குமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகியும் தொண்டூழியருமான ஒருவர்,
தோ பாயோ